வைரப் பூச்சுக் கூப்பன்கள்: எலும்பைத் தொடும் பக்கத்துக்கு வாங்கலாம், உரசும் பக்கத்துக்கு இப்போதைக்கு வேண்டாம்

மூட்டு மாற்று அறுவை சிகிச்சையில் உடலுக்குள் வைக்கும் இம்ப்ளாண்ட்டுகளின் மேற்பரப்பைச் சோதிப்பது என் வேலை. சென்னையில் ஒரு சின்ன ஆய்வகம். எங்களிடம் தொடர்ந்து வரும் ஒரு சிறு உற்பத்தியாளர், இடுப்பு மூட்டுக்காகத் தொடை எலும்புக்குள் இறக்கும் தண்டு செய்பவர், "மேடம், செயற்கை வைரத்தைப் பூசித் தருகிறோம் என்கிறார்கள், பூசலாமா?" என்று கேட்டார். சரி, கேட்டுச் சொல்வதைவிடச் சோதித்துச் சொல்வது மேல் என்று, பூச்சு வேலை செய்து தரும் ஒரு நிறுவனத்துக்கு எங்கள் கூப்பன்களை அனுப்பிப் பூசி வாங்கினோம். கூப்பன் என்றால் சோதனைக்காக வெட்டிய வட்டத் தகடு. டைட்டானியம் 6-4 கலவையில் (6 சதவீதம் அலுமினியம், 4 சதவீதம் வனேடியம் சேர்ந்தது) ஒரு தொகுதி, கோபால்ட் குரோமில் ஒரு தொகுதி.

அந்தப் பூச்சையும் அந்தச் சேவையையும் பற்றிய என் மதிப்பீடு இது. நிறுவனத்தின் பெயரைச் சொல்லவில்லை. யாரிடம் வாங்கினாலும் இதே கேள்விகளைத்தான் கேட்க வேண்டியிருக்கும்.

டைட்டானியத்தின் மேல் நானோ படிக வைரப் பூச்சு, அதாவது மிக நுண்ணிய வைர மணிகளால் ஆன பூச்சு, எலும்போடு ஒட்டி வளர வேண்டிய பகுதிக்கு நன்றாக இருக்கிறது. அந்தப் பகுதிக்கு முயன்று பார்க்க நான் தயங்காமல் சொல்வேன். ஆனால் இடுப்பு மூட்டின் பந்து, முழங்காலின் வளைந்த பகுதி போல ஒன்றோடு ஒன்று உரசும் இடத்துக்கு இந்தப் பூச்சை இன்றைய நிலையில் நான் பரிந்துரைக்க மாட்டேன். கோபால்ட் குரோமின் மேல் நேரடியாகப் பூசுவதானால் எந்த இடத்துக்குமே வேண்டாம்.

பெட்டியைத் திறந்ததும் எங்கள் ஆய்வகத்துப் பையன், "அக்கா, வைரம்னாங்களே, கரிப்பூச்சு மாதிரி இருக்கே" என்றான். அப்படித்தான் இருக்கும். நகைக்கடை வைரம் ஒரே படிகம், அதனால் ஒளி ஊடுருவும். இதுவோ இரண்டு மூன்று மைக்ரான் தடிமனுக்குள் எண்ணற்ற குறுமணிகள் நெருக்கி வளர்ந்த படலம். மணிகளுக்கு இடையில் கொஞ்சம் கிராஃபைட் தன்மையுள்ள கார்பனும் இருக்கும். சாம்பல் கலந்த கருப்பு. சாய்த்துப் பிடித்தால் ஓரத்தில் மயில் கழுத்து நிறம் தெரியும். ஓரத்தில் நிறம் மாறினால் அங்கே தடிமன் மாறுகிறது என்று பொருள். எங்களுக்கு வந்தவற்றில் நடுப்பகுதி சீராக இருந்தது, விளிம்பு அப்படி இல்லை. தட்டையான தகட்டிலேயே இப்படி என்றால், வளைந்த தண்டில் எப்படி வரும் என்பதை வாங்குபவர் முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும்.

எப்படிச் செய்கிறார்கள் என்பது தெரிந்தால்தான் எங்கே பழுது வரும் என்பது புரியும். ஹைட்ரஜன் வாயுவில் ஒரு சதவீதம் அளவுக்கு மீத்தேனைக் கலந்து, 2.45 கிகாஹெர்ட்ஸ் மைக்ரோவேவால் பிளாஸ்மாவாக, அதாவது மின்னேற்றம் பெற்று ஒளிரும் வாயுவாக, மாற்றுகிறார்கள். சில இடங்களில் பிளாஸ்மாவுக்குப் பதில் 2000 டிகிரிக்கு மேல் சூடேற்றிய டங்ஸ்டன் கம்பி. மீத்தேனிலிருந்து பிரியும் கார்பன், 700 முதல் 900 டிகிரி வரை சூடான உலோகத்தின் மேல் படிகிறது. வைரமாகவும் படியும், கிராஃபைட்டாகவும் படியும். கிராஃபைட்டை அணு ஹைட்ரஜன் வேகமாக அரித்துவிடும், வைரத்தை அவ்வளவாகத் தொடாது. அந்த வேக வித்தியாசத்தால் மிஞ்சுவதுதான் இந்தப் படலம். மீத்தேனோடு கொஞ்சம் நைட்ரஜன் சேர்த்தால் படிகங்கள் பெரிதாக வளராமல் நானோ அளவிலேயே நின்றுவிடுகின்றன. அமெரிக்காவில் பர்மிங்ஹாமிலுள்ள அலபாமா பல்கலைக்கழகத்தில் யோகேஷ் வோராவின் குழு இந்த வழியில்தான் டைட்டானியம் கலவையிலும் தாடை மூட்டு இம்ப்ளாண்ட்டின் வளைந்த பரப்பிலும் நானோ வைரத்தை வளர்த்துக் காட்டியது. 2000களின் தொடக்கத்திலேயே நடந்த வேலை.

முதல் சோதனை ராமன் நிறமாலை. லேசரை அடித்தால் வைரம் 1332 என்ற இடத்தில் கூர்மையாக ஒரு சிகரம் காட்டும். நானோ படிகம் என்றால் அந்தச் சிகரம் அகன்று மங்கும், 1140 பக்கத்தில் ஒரு மேடு சேரும். எங்களுக்கு வந்தது உண்மையான வைரம்தான். இதில் எனக்குத் திருப்தி. நிறுவனம் அனுப்பிய சான்றிதழிலும் ராமன் வரைபடம் இணைத்திருந்தார்கள், நாங்கள் எடுத்ததோடு அது ஒத்துப்போனது. தடிமனை ஒரே ஒரு புள்ளியில் மட்டும் அளந்து கொடுத்தது போதாது. அதைக் கேட்டபோது ஒருங்கிணைப்பாளர் கோபப்படாமல், "அடுத்த தொகுதிக்கு நடு, பாதி, விளிம்பு மூன்றிலும் அளந்து அனுப்புகிறோம் மேடம்" என்றார். அப்படியே அனுப்பவும் செய்தார். பேசுவதற்கு நல்ல மனிதர்கள்.

ராமனை நான் வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. வைரம் போன்ற கார்பன் என்று இன்னொரு பூச்சு உண்டு, டிஎல்சி என்பார்கள். அது படிகமே இல்லாத கார்பன், குறைந்த வெப்பத்திலேயே பூசலாம், விலையும் குறைவு. ரேசர் பிளேடிலிருந்து இன்ஜின் பாகம் வரை அதற்கு நல்ல பயன் இருக்கிறது. விற்பவர்கள் இரண்டையுமே "டைமண்ட் கோட்டிங்" என்று எழுதிவிடுகிறார்கள். விலைப்பட்டியலில் எது என்று தெளிவாக இல்லையென்றால் ராமன் வரைபடத்தைக் கேட்டு வாங்கிய பிறகே பணம் கட்டுங்கள். "கோல்டு நீ" என்று மருத்துவமனை விளம்பரங்களில் வரும் தங்க நிற முழங்கால் வேறு சங்கதி. அது டைட்டானியம் நயோபியம் நைட்ரைடு போன்ற பூச்சு, அதில் தங்கமும் இல்லை வைரமும் இல்லை.

அடுத்து சொரசொரப்பு. பெரிய படிகப் பூச்சும் நானோ படிகப் பூச்சும் இரண்டையும் வாங்கியிருந்தோம். பெரிய படிகப் பூச்சை விரலால் தடவினாலே தெரிந்தது. நுண்ணோக்கியில் கூரிய பிரமிடுகள் வரிசையாக நிற்கின்றன. இதன் மேல், மூட்டின் எதிர்ப்பக்கத்தில் வைக்கும் பாலிஎதிலீன் பிளாஸ்டிக் உரசினால் அரம் போட்டுத் தேய்த்ததுபோலத்தான் இருக்கும். இடுப்பு மூட்டின் உலோகப் பந்துக்கு ஐஎஸ்ஓ 7206-2 தரம் விதிக்கும் உச்ச வரம்பு 0.05 மைக்ரான். பெரிய படிகப் பூச்சு அதன் பக்கத்தில்கூட வரவில்லை. நானோ பூச்சு மெருகேற்றாமலே அந்த வரம்பை நெருங்கியது, ஆனால் எல்லாக் கூப்பனும் உள்ளே வரவில்லை.

இப்போது நான் அதிகம் கவலைப்படும் சோதனைக்கு வருகிறேன். ஒட்டுதல். வைரம் எவ்வளவு கடினம், எவ்வளவு வழவழப்பு என்று விற்பனைத் தாளில் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். உடலுக்குள் ஒரு பூச்சு வாழ்வதும் சாவதும் அது எதன் மேல் எப்படி ஒட்டியிருக்கிறது என்பதில்தான் இருக்கிறது. ராக்வெல் சி முறையில், 150 கிலோ விசையில் ஒரு வைரக் கூம்பைப் பூச்சின் மேல் இறக்கி எடுக்கிறோம். குழியைச் சுற்றி நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். மெல்லிய விரிசல்கள் மட்டும் இருந்தால் நல்லது. பூச்சு செதிலாகப் பெயர்ந்து வட்டமாக உலோகம் தெரிந்தால் தோல்வி. எச்எஃப்1 முதல் எச்எஃப்6 வரை தரம் பிரிப்பார்கள், முதல் நான்கும் தேர்ச்சி.

டைட்டானியத்தின் மேல் நானோ பூச்சு நன்றாகத் தாங்கியது. விரிசல் இருந்தது, பெயரவில்லை. கோபால்ட் குரோமில் கூம்பை எடுக்கும் முன்பே முடிவு தெரிந்துவிட்டது. குழியைச் சுற்றிப் பூச்சு துண்டு துண்டாக எழும்பி நின்றது. ஒரு கூப்பனில் கூம்பு படாத ஓரத்திலும் தானாகவே உரிந்திருந்தது. "கோபால்ட் குரோமுக்கும் வரும் மேடம், செய்து தருகிறோம்" என்று ஆர்டர் எடுக்கும்போது உறுதி சொன்னவர்கள் இதற்குத் தெளிவான பதில் தரவில்லை. இந்தச் சேவையில் எனக்கு வருத்தம் தந்த இடம் இதுதான்.

காரணம் இயற்பியலிலும் வேதியியலிலும் சேர்ந்தே இருக்கிறது. ஒரு டிகிரிக்கு வைரம் விரிவது பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவு. டைட்டானியம் கலவை சுமார் ஒன்பது பங்கு, கோபால்ட் குரோம் பதின்மூன்று பதினான்கு பங்கு. 800 டிகிரியில் பூசிவிட்டு அறை வெப்பத்துக்குக் கொண்டுவந்தால் உலோகம் சுருங்கும் அளவுக்கு வைரம் சுருங்காது. பூச்சு நிரந்தரமாக அழுத்தத்தில் மாட்டிக்கொள்கிறது. வழி கிடைத்தால் எம்பி வெளியே வரப் பார்க்கும். டைட்டானியம் கார்பனோடு சேர்ந்து டைட்டானியம் கார்பைடு என்ற இடைப்படலத்தைத் தானாகவே உண்டாக்கிக்கொள்கிறது, அது பூச்சைப் பிடித்து வைக்கிறது. கோபால்ட்டோ வைரம் வளர வேண்டிய இடத்தில் கிராஃபைட் உண்டாவதற்குத் துணை போகும் உலோகம். அடியில் வழுக்கும் கிராஃபைட், மேலே அழுத்தத்தில் இருக்கும் வைரம். நிற்குமா? இடையில் தகுந்த தடுப்புப் படலம் போட்டால் நிற்க வைக்க முடியும். அந்தப் படலம் என்ன, எவ்வளவு தடிமன், உடல் திரவத்தில் அது என்ன ஆகும் என்பதற்கெல்லாம் எழுத்தில் பதில் வேண்டும்.

டைட்டானியத்திலும் ஒரு எச்சரிக்கை. சூடான ஹைட்ரஜன் பிளாஸ்மாவில் மணிக்கணக்கில் கிடக்கும் டைட்டானியம் ஹைட்ரஜனை உறிஞ்சும், அதன் உள்கட்டமைப்பும் மாறலாம். மேலே பூச்சு அழகாக இருந்து உள்ளே உலோகம் நொறுங்கும் தன்மை அடைந்தால், நடக்க நடக்க வளைந்து நிமிரும் இடுப்புத் தண்டுக்கு அது ஆபத்து. அதனால் மீத்தேன் இல்லாமல் வெறும் ஹைட்ரஜனில் அதே வெப்பம், அதே நேரம் வைத்து எடுத்த பூசாத கூப்பன்களையும் கேட்டு வாங்குங்கள். திரும்பத் திரும்பச் சுமை ஏற்றி இறக்கும் களைப்புச் சோதனையில் பூசியதும் பூசாததும் இதுவும் மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் எது பூச்சின் விளைவு, எது சூட்டின் விளைவு என்று பிரிக்க முடியும்.

செல் சோதனை எனக்கு மகிழ்ச்சி தந்த பகுதி. ஐஎஸ்ஓ 10993-5 முறைப்படி கூப்பனை வளர்ப்பு ஊடகத்தில் 37 டிகிரியில் ஊறவைத்து, அந்தச் சாறை எல்929 என்ற எலி நார்ச்செல்களுக்குக் கொடுத்தோம். உயிரோடிருக்கும் செல்கள் 70 சதவீதத்துக்குக் கீழே போனால் நச்சு என்று கணக்கு. டைட்டானியத்தில் பூசியவை எல்லாமே வசதியாக அந்தக் கோட்டுக்கு மேலே நின்றன, எந்தப் பாதிப்பும் தராது என்று ஒப்பீட்டுக்கு வைத்த பாலிஎதிலீனிலிருந்து பெரிதாக வேறுபடவில்லை. வைரம் வெறும் கார்பன். கரைவதில்லை, துருப்பிடிப்பதில்லை, அயனி கசிவதில்லை. கோபால்ட், குரோமியம் அயனிகள் ரத்தத்தில் சேர்ந்து உலோகத்தோடு உலோகம் உரசும் இடுப்பு மூட்டுகள் பட்ட பாடு உலகத்துக்கே தெரியும். 2010இல் டிபியூ நிறுவனத்தின் ஏஎஸ்ஆர் இடுப்பு மூட்டு உலகம் முழுவதும் திரும்பப் பெறப்பட்டது. அந்த அனுபவத்துக்குப் பிறகு அயனி விடாத ஒரு மேற்பரப்பு என்றால் எனக்கு மரியாதை உண்டு.

எலும்பு வகைச் செல்களான எம்ஜி-63ஐ நேரடியாகப் பூச்சின் மேல் வளர்த்தபோதுதான் ஒரு விஷயம் நன்றாகத் தெரிந்தது. இயந்திரத்திலிருந்து வெளியே வரும் வைரத்தின் மேற்பரப்பில் ஹைட்ரஜன் அணுக்கள் போர்த்தியிருக்கும். தண்ணீர் விட்டால் முத்தாக உருண்டு நிற்கும். செல்கள் அதில் தயக்கத்தோடு உருண்டையாகவே உட்கார்ந்தன. அதே கூப்பனை ஆக்சிஜன் பிளாஸ்மாவில் கொஞ்ச நேரம் காட்டி எடுத்தால் தண்ணீர் பரவுகிறது, செல்களும் கால் நீட்டிப் பரவி ஒட்டுகின்றன. பூச்சு வேலை செய்பவரிடம் இந்தக் கடைசிக் கட்டத்தையும் சேர்த்தே செய்யச் சொல்லலாம். எங்களுக்கு முதலில் வந்தவற்றில் அதைச் செய்யவில்லை, கேட்ட பிறகு கூடுதல் கட்டணம் வாங்காமல் செய்து கொடுத்தார்கள்.

ஆஸ்திரேலியாவில் ஆர்எம்ஐடி பல்கலைக்கழகத்தில் கேட் ஃபாக்ஸ் குழு 2018இல் முப்பரிமாண அச்சில் செய்த டைட்டானியத்தின் மேல் வைரத்தைப் பூசி, செல்கள் நன்றாக ஒட்டுவதையும் ஸ்டஃபிலோகாக்கஸ் கிருமி குறைவாக ஒட்டுவதையும் காட்டியது. மூட்டு மாற்றில் தொற்று எவ்வளவு பெரிய துன்பம் என்பதைப் பார்த்தவர்களுக்கு அந்த இரண்டாவது பாதியின் அருமை புரியும். எங்கள் ஆய்வகத்தில் கிருமிச் சோதனைக்கு வசதி இல்லை, அதனால் எங்கள் கூப்பனைப் பற்றி அந்த வகையில் எதுவும் சொல்ல மாட்டேன்.

இவ்வளவு நல்லது என்றால் உரசும் பக்கத்துக்கு ஏன் வேண்டாம் என்கிறேன்? 1993 முதல் 1995 வரை பொருத்தப்பட்ட ஒரு இடுப்பு மூட்டுத் தொகுதியின் கதை இந்தத் துறையில் இருக்கும் ஒவ்வொருவரும் மனதில் வைக்க வேண்டியது. டைட்டானியம் கலவைப் பந்தின் மேல் டிஎல்சி பூசி, எதிரில் பாலிஎதிலீன் கிண்ணம் வைத்து, 101 நோயாளிகளுக்குப் பொருத்தினார்கள். ஜெர்மனியில் எஸ்ஸன் நகரத்து மருத்துவர்கள் அதை 2003இல் எழுதினார்கள். முதல் ஒன்றரை ஆண்டு எல்லாம் நன்றாக இருந்தது, ஒப்பீட்டுக்கு வைத்த அலுமினா பந்துகளைப் போலவே. அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகத் தளர ஆரம்பித்தன. பத்து ஆண்டுக்குள் ஏறக்குறைய பாதிப் பேருக்கு மறு அறுவை சிகிச்சை. வெளியே எடுத்த பந்துகளில் அங்கங்கே குழிகள், பூச்சு பெயர்ந்த புள்ளிகள். சுவிட்சர்லாந்தின் எம்பா ஆய்வு நிறுவனத்தில் ரோலண்ட் ஹவர்ட் குழு அந்தப் பந்துகளை ஆராய்ந்து 2012இல் வெளியிட்டது. பூச்சில் இருந்த ஊசித்துளைகள் வழியாக உடல் திரவம் இறங்கி, பூச்சுக்கும் உலோகத்துக்கும் நடுவில் ஒட்டுவதற்காகப் போட்ட சிலிக்கான் இடைப்படலத்தை மெல்ல மெல்ல அரித்திருக்கிறது. மேலே இருந்த கார்பனில் தேய்மானக் குறை எதுவும் இல்லை. அடித்தளம்தான் கரைந்துபோனது.

அது டிஎல்சி, எங்களுடையது படிக வைரம் என்று பூச்சு நிறுவனத்தார் சொல்வார்கள். சரிதான். ஆனால் ஊசித்துளையும் இடைப்படலமும் இரண்டுக்கும் பொது. வைரத்தில் பெயரும் செதில் இன்னும் கடினமானது. உரசும் இரண்டு பரப்புகளுக்கு நடுவே அது மாட்டினால் பாலிஎதிலீனை உழுதுவிடும். உதிரும் பாலிஎதிலீன் துகள்களை மேக்ரோஃபேஜ் எனப்படும் நோய் எதிர்ப்புச் செல்கள் விழுங்கி, அதனால் எழும் அழற்சியில் சுற்றியுள்ள எலும்பு கரைந்து, இம்ப்ளாண்ட் ஆட ஆரம்பிக்கிறது. மூட்டு மாற்று தோற்பதற்கான பழைய வழியே இதுதான். வைரத் துகளையே மேக்ரோஃபேஜ் செல்கள் எப்படி எதிர்கொள்கின்றன என்பதையும் அலபாமா குழு தனியாக ஆராய்ந்திருக்கிறது. பூச்சு செய்பவர்களே பூச்சு உதிர்ந்தால் என்ன ஆகும் என்று கேட்டுப் பார்த்ததை நான் பெரிதாக மதிக்கிறேன்.

எங்களிடம் இருப்பது ஊசியைத் தட்டில் சுழற்றும் சாதாரண உரசல் இயந்திரம். அதில் நானோ பூச்சு அருமையாக நடந்துகொண்டது. அதை வைத்து இடுப்பு மூட்டைப் பற்றி யாரும் பேசக் கூடாது. ஐஎஸ்ஓ 14242 முறையில் முழு மூட்டையே சிமுலேட்டரில் மாட்டி, கன்றுச் சீரத்தில் முக்கி, 37 டிகிரியில் 50 லட்சம் சுற்று ஓட்ட வேண்டும். நொடிக்கு ஒரு சுற்று என்றால் நிறுத்தாமல் ஓடினாலே இரண்டு மாதம் ஆகும். நடைமுறையில் பத்து லட்சம் சுற்றை ஓர் ஆண்டு நடைக்குச் சமமாகக் கொள்கிறார்கள், அதனால் இது சுமார் ஐந்து ஆண்டு. ஜெர்மனி தொகுதி காட்டிய பழுது ஒன்றரை ஆண்டுக்குப் பிறகு ஆரம்பித்து வருடக்கணக்கில் வளர்ந்தது. அதன் முக்கிய வேலையைச் செய்தது சுற்றுகளின் எண்ணிக்கையைவிட, திரவத்தில் ஊறிக்கிடந்த காலம். ஆகவே சிமுலேட்டரோடு நிறுத்தாமல், பூசிய கூப்பன்களை உப்புக் கரைசலிலும் சீரத்திலும் மாதக்கணக்கில் ஊறப்போட்டு, இடையிடையே எடுத்து ராக்வெல் கூம்பை இறக்கிப் பார்க்க வேண்டும். எங்கள் கூப்பன்கள் சில இப்போது அப்படி ஊறிக்கொண்டிருக்கின்றன.

விலையையும் பேசிவிடுகிறேன். எங்களுக்கு ஒரு கூப்பனுக்கான பூச்சுச் செலவு, கூப்பனை வெட்டிச் செய்த செலவைவிடப் பல மடங்கு. இந்தியாவில் முழங்கால் இம்ப்ளாண்ட்டுகளுக்கு 2017 ஆகஸ்டில் அரசு விலை உச்சவரம்பு வைத்தபோது கோபால்ட் குரோம் வகைக்கு 54,720 ரூபாய், டைட்டானியம் அல்லது ஆக்சிஜனேற்றிய சிர்க்கோனியம் வகைக்கு 76,600 ரூபாய் என்று நிர்ணயித்தார்கள், வரி தனி. உரசும் பக்கத்துக்கு ஆக்சிஜனேற்றிய சிர்க்கோனியம், சிர்க்கோனியா கலந்த அலுமினா என்று நீண்ட காலம் மனிதர்களிடம் நிரூபித்த பொருள்கள் ஏற்கெனவே கடையில் இருக்கின்றன. ஆக்சிஜனேற்றிய சிர்க்கோனியத்தில் மேல்படலம் உலோகத்திலிருந்தே வளர்வது, வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டியது அல்ல. அவற்றோடு போட்டியிட்டு அதே விலைக்குள் வைரம் வர வேண்டும்.

இங்கேயே திறமை வளரும் என்ற நம்பிக்கை எனக்கு இருக்கிறது. ஐஐடி மெட்ராஸில் ராமச்சந்திர ராவ் குழு பல ஆண்டுகளாக வைரப் படலங்களை வளர்த்துவருகிறது. 2023 மத்திய பட்ஜெட்டைத் தொடர்ந்து ஆய்வக வைரத்துக்காக ஐந்து ஆண்டுகளில் சுமார் 242 கோடி ரூபாய் அதே ஐஐடிக்கு ஒதுக்கப்பட்டது. அந்தப் பணத்தின் நோக்கம் முதன்மையாக நகை வைரத்துக்கான விதையும் இயந்திரமும். ஆனாலும் இயந்திரம் செய்யக் கற்றவர்கள் கையில் எலும்புக்கான பூச்சும் ஒருநாள் வரும்.

இடுப்புத் தண்டு செய்யும் எங்கள் வாடிக்கையாளரிடம், எலும்புக்குள் இறங்கும் சொரசொரப்பான பகுதிக்கு மட்டும், டைட்டானியத்தில், நானோ படிகம், ஆக்சிஜன் முடிப்போடு அடுத்த தொகுதி போடச் சொல்லியிருக்கிறேன். கழுத்துப் பகுதியை மறைத்துவிட்டுப் பூச வேண்டும், வளைவு அதிகம் தாங்குவது அங்கேதான். நீங்களும் ஆர்டர் கொடுப்பதாக இருந்தால் இவற்றை ஆர்டர் தாளிலேயே எழுதுங்கள்: மூன்று இடத்தில் தடிமன், ராமன் வரைபடம், இடைப்படலத்தின் பொருள், பூசும்போது உலோகம் தொட்ட உச்ச வெப்பம், சூட்டில் மட்டும் வைத்தெடுத்த ஒப்பீட்டுக் கூப்பன், ஒவ்வொரு தொகுதியிலும் உடைத்துப் பார்க்க ஒரு கூடுதல் கூப்பன். கடைசியாகச் சொன்னதை இலவசமாகத் தருகிறார்கள், கேட்டால் மட்டும்.